அத்தாவின் லிட்மஸ் காகிதம்

கோட்டைமேடு, கோயமுத்தூர்
12-8-1995

அன்பு மகன் ரியாஸுக்கு அம்மா உம்மல் குல்சும் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான், உன் அத்தா, தங்கச்சி மிஸ்பா மூவரும் இங்கே சுகம், தம்மாமில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். அத்தா சுகம் என்று மூன்று வாரத்துக்கு முன் எழுதியிருந்தால் அது பொய்யாகியிருக்கும், அதனால்தான் கடிதம் தாமதம். இப்போது எழுந்து நடமாடுகிறார், பயமில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படி.

உன் பெரியத்தா உமர் பாரூக் சிறுநீரகம் கெட்டு, ரத்தம் சுத்தம் செய்கிற மெசினில் படுத்துக் கிடந்து மவுத்தான நாளிலிருந்து அத்தாவுக்குத் தானும் அப்படியே போய்விடுவோம் என்ற பயம், அவருக்கும் கல் இருக்கிறதல்லவா. ஜூன் மாதம் தார்ப்பாய்க் கடையைப் பூட்டிவிட்டு கோபிசெட்டிபாளையத்தில் மூன்று நாள் இயற்கை மருத்துவ முகாமுக்குப் போய், ஒரு டப்பா லிட்மஸ் காகிதத்தோடு வந்தார். மூத்திரத்தில் நனைத்த காகிதம் சிவந்தால் அது புளித்த உடம்பாம், எல்லா நோயும் அதில்தான் வருமாம், நீலமானால் எமனும் கிட்டே வரமாட்டானாம். அன்றிலிருந்து நம் வீட்டில் யாரும் நிம்மதியாக பாத்ரூம் போக முடியவில்லை, கதவுக்கு வெளியே காகிதத்தோடு நிற்பார். மிஸ்பா எனக்குப் பரீட்சை இருக்குதுங்க அத்தா, என்னை உட்டுருங்க என்று அழுதே விட்டாள். நனைத்த காகிதங்களைத் தொழுகிற அறைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார், தொழுகிற ஊட்டுக்குள்ள இது ஆகாதுங்க என்று சண்டை போட்டு மொட்டை மாடிக்கு அனுப்பினேன். கறி நின்றது, டீ நின்றது, காலையும் மாலையும் வெண்பூசணிச் சாறு. மிஸ்பாவைப் பார்க்கக் கருமத்தம்பட்டியிலிருந்து வந்தார்களே, மாப்பிள்ளையின் அத்தாவுக்கும் ஒரு காகிதத்தைக் கொடுத்து பாத்ரூமைக் காட்டினார். எனக்கு உயிரே போய்விட்டது. அந்த மனிதர் மரியாதையாகப் போய், சிவந்த காகிதத்தைக் கவலையோடு பிடித்துக்கொண்டு வந்தார், பிறகு ஒரு மணி நேரம் இருவரும் பூசணியைப் பற்றியே பேசினார்கள், பெண்ணைப் பார்க்கவே மறந்து போனார்கள். ஆனாலும் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள், அதைத் தனியாக எழுதுகிறேன்.

போன மாதம் இருபத்தி நாலாம் தேதி காலையில் அத்தாவுக்குக் குளிர் காய்ச்சல், இடுப்பில் ஒரே வலி, இரண்டு பவானி ஜமக்காளம் போர்த்தியும் கட்டிலே ஆடுகிறது. ஆனால் அன்றைக்குப் பார்த்து காகிதம் முதல் தடவையாக நல்ல நீலமாகிவிட்டது. பல் கிட்டிக்கொண்டிருக்கும்போதே முகத்தில் அத்தனை சந்தோசம். நீலமாயிருச்சு குல்சும், இனி டாக்டர் எதுக்கு, உள்ள இருக்கற நஞ்செல்லாம் வெளிய போகுது என்கிறார். கெஞ்சிப் பார்த்தேன், அழுது பார்த்தேன், அசையவில்லை. மதியத்துக்குள் காய்ச்சல் இன்னும் ஏறிவிட்டது. ரசத்துக்குப் புளி ஊறப்போட்டிருந்தேன். மாடிக்குப் போய் அந்த நீலக் காகிதத்தின் மேல் புளித்தண்ணியை நாலு சொட்டு விட்டேன். சிவந்துவிட்டது. கொண்டு வந்து காட்டினேன். பார்த்தார், தானே எழுந்து உட்கார்ந்தார். செவந்துபோச்சு, ஆட்டோ கூப்புடு, ஏன் நின்னுட்டிருக்கற என்று என்னையே அதட்டினார்.

கல் அடைத்துச் சீழ் பிடித்திருந்தது, இரண்டு நாள் விட்டிருந்தால் அந்தச் சிறுநீரகம் போயிருக்கும் என்றார் டாக்டரம்மா. மூத்திரம் புளிப்பாக இருப்பதில் ஒரு குற்றமும் இல்லையாம், ரத்தத்தைச் சரியாக வைக்கத்தான் வேண்டாத புளிப்பை உடம்பு வெளியே தள்ளுகிறதாம், அத்தாவுக்கு நீலமானது கிருமி சேர்ந்ததால்தானாம். நல்ல நேரத்துல வந்தீங்க என்று அவர் சொன்னதற்கு, இந்தக் காயிதந்தானுங்க என்னைக் காப்பாத்துச்சு என்று அத்தா சொன்னார். நான் மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு, கோபியில் மறுபடி நடக்கிற முகாமில் தன் அனுபவத்தைப் பேச அழைத்திருப்பதாகச் சொன்னார். இருநூறு பேர் வருவார்களாம். அதில் ஒருத்தர் காய்ச்சலோடு நீலக் காகிதத்தை நம்பிப் படுத்துக் கிடந்தால் அந்தப் பாவம் எனக்குத்தானே. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, வியாழக்கிழமை புளித்தண்ணி விசயத்தைச் சொல்லிவிட்டேன். பழைய புளியா புதுப் புளியா என்று கேட்டார். புதுசுங்க என்றேன். அண்ணன் மாதிரி மெசின்ல படுக்கக் கூடாதுன்னுதான் குல்சும் இத்தனையும் செஞ்சுபோட்டேன் என்று சொல்லி, குழந்தை மாதிரி அழுதார். நானும் அழுதேன்.

நேற்று முகாமுக்குப் போய், காகிதத்தை நம்பாதீங்க, என் சம்சாரம் புளித்தண்ணி ஊத்தப் போய்த்தானுங்க நான் உசுரோட நிக்கறேன் என்று உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார். ஜனங்கள் கடைசிப் பாதியை மட்டும் கேட்டார்கள் போல. இன்று காலை கோபியிலிருந்து மூன்று பேர் வந்து, ஒரு வேளைக்கு எவ்வளவு புளிங்க, சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயா என்று கேட்டு உட்கார்ந்திருந்தார்கள். சோறு போட்டு, டாக்டரம்மா விலாசத்தை எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த பரக்கத்தும் தருவானாக. அங்கே வெயில் அதிகம், வேலை மும்முரத்தில் தண்ணீர் குடிக்க மறக்காதே, நம் வம்சத்துக்கே கல் வரும் உடம்பு. வெள்ளிக்கிழமை போன் செய்.

என்றும் உன் நலம் நாடும்
அம்மா உம்மல் குல்சும்