தனிக் கப்பலின் புள்ளி

அன்புள்ளவனுக்கு,

இங்கே ஸ்ப்லிட் நகரில் குளிர்காற்று அடங்கிவிட்டது. அம்மா உன்னை விசாரித்தாள். கப்பலிலிருந்து தினமும் பேசுகிறாய் என்று சொல்லி வைத்தேன்.

உலகக் கப்பல்கள் அனுப்பும் கோடிக்கணக்கான இருப்பிடத் தகவல்களைக் கண்ணிமைக்கும் நேரத்தில் வரைபடமாக்கும் எங்கள் ஆராய்ச்சி முடிந்துவிட்டதென்றே நினைத்தோம். வேகத்துக்காக எங்கள் நிரல், கூட்டமாகப் போகும் கப்பல்களைப் பட்டையாக வரைந்துவிட்டு, தனியாகப் போவதை விட்டுவிடும். சும்மா உன் கப்பலைத் தேடினேன். நீ இருக்கவேண்டிய தென் அட்லாண்டிக் கடல் வெறுமையாக இருந்தது.

"இதை மாத்தணும்," என்றேன்.

கூட வேலை செய்யும் திஹானா கத்தினாள்: "கிறுக்கா உனக்கு? கட்டுரை அனுப்ப நாளைக்குக் கடைசி நாள்டி! ஒத்தக் கப்பல் தெரியலேன்னா யாருக்கு நஷ்டம்?"

என் முகத்தையே பார்த்தவள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நகரு. அந்த மனுஷனுக்கு நீ ஒரு போன் பண்ணியிருந்தா என்னோட ஒரு வருஷம் மிஞ்சியிருக்கும்."

கட்டுரை இந்த ஆண்டு போகவில்லை. தனிக் கப்பல்கள் இப்போது தெரிகின்றன. உன்னுடையது ஜிப்ரால்டரைத் தாண்டி நம் ரியேகா துறைமுகத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை அந்தத் துறைமுக வாசலில் நிற்பேன். என்னைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடாதே.

இன்னமும்
உன் மனைவி