உன் பெயரில் உள்ளே போனேன்

அன்புள்ள அண்ணா,

நீ போய் எட்டு மாதம். உன் லேப்டாப் இப்போது என் மேசையில். அதில் எனக்கென்று தனிக் கணக்கு தொடங்கிக்கொண்டேன். உன்னுடையதைத் திறக்கவில்லை.

போன மாதம் வீட்டு இணைய இணைப்பை மாற்றினோம். வைஃபைக்குப் புதுப் பெயர், புதுப் பாஸ்வேர்டு. மொட்டைமாடித் தொட்டி நிறைந்ததும் வைஃபை வழியாகக் கீழே மோட்டாரை நிறுத்த நீ வைத்த அந்தச் சின்ன கம்ப்யூட்டர் போர்டு யாருக்கும் நினைவில்லை. தொட்டி வழிந்தபோதுதான் நினைவு வந்தது.

கீழ்வீட்டு ஃபரீதா அக்கா மாடிப்படியில் நின்று குரல் கொடுத்தார். "இன்னாம்மா, உங்க டாங்க் டெய்லி எங்க துணிய அலசுது. அப்படியே சோப்பும் போட்டுடச் சொல்லு."

அம்மா சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை எலக்ட்ரீஷியன் வரார். அதைக் கழட்டிட்டு சாதா சுவிட்ச் போட்டுடலாம்."

உன் துணிகளைக் கொடுத்தாயிற்று. வண்டியை விற்றாயிற்று. நீ செய்ததில் இந்த வீட்டில் இன்னும் ஓடுவது அது ஒன்றுதான். இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை மதியம் லேப்டாப்போடு மாடி ஏறினேன். போர்டுக்குத் தெரிந்தது பழைய வைஃபை மட்டும்தான், அதன் வழியாகப் போக முடியாது. கேபிளின் ஒரு முனை லேப்டாப்பில், மறுமுனை போர்டில். பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் இரண்டும் பேசவில்லை. போர்டுக்கு முகவரி கொடுக்க நடுவில் ரூட்டர் இல்லை என்பது தாமதமாகத்தான் உறைத்தது. லேப்டாப்பில் ஓடும் லினக்ஸில் அந்த இணைப்பை 'பிற கணினிகளோடு பகிர்' என்று மாற்றினேன். முகவரி கொடுப்பது இனி லேப்டாப்பின் வேலை. போர்டு ஒன்றை வாங்கிக்கொண்டது.

உள்ளே நுழையக் கட்டளை கொடுத்தேன். போர்டு பாஸ்வேர்டு கேட்டது. உன் லேப்டாப் பாஸ்வேர்டு, அம்மா பெயர், பழைய வீட்டு எண். எதையும் ஏற்கவில்லை.

கேபிளைப் பிடுங்கப் போனேன். அப்போதுதான் தோன்றியது. தினமும் பாஸ்வேர்டு அடிக்கிற ஆளா நீ? பாஸ்வேர்டுக்குப் பதிலாக ஒரு சாவிக் கோப்பை லேப்டாப்பிலேயே வைத்திருப்பாய். உன் கணக்கில். நான் என் கணக்கிலிருந்தல்லவா தட்டிக்கொண்டிருக்கிறேன்?

உன் கணக்கைத் திறந்தேன். அதே கட்டளை. போர்டு எதுவும் கேட்கவில்லை. உன் பெயரைக் காட்டிவிட்டுக் காத்திருந்தது.

உள்ளே ஒரு பதிவேடு. தொட்டி நிறைந்த ஒவ்வொரு முறையும் போர்டு, கீழே ரூட்டரோடு வயரில் இணைந்த மோட்டார் சுவிட்சுக்குச் சொல்லியிருக்கிறது. நிறுத்து. பதில் இல்லை. நிறுத்து. பதில் இல்லை. ஒரு மாதமாக. கேட்க யாருமில்லை என்று அதற்கு எப்படித் தெரியும்?

புது வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுதினேன். கேபிளைக் கழற்றினேன்.

சாயங்காலம் அம்மா கேட்டாள். "மோட்டார் நின்னுடுச்சே. நீ ஆஃப் பண்ணியா?"

"இல்லம்மா."

அம்மா சுவிட்சைப் பார்த்தாள். அது ஆனிலேயே இருந்தது. பிறகு எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டாள். "நாளைக்கு வர வேணாம் தம்பி. இல்ல, வேற ஆள் யாரும் வரல. அதுவே வேலை செய்யுது."

போர்டில் உன் பெயருக்கு அடியில் என் பெயரையும் சேர்த்திருக்கிறேன். இனி என் பெயரிலேயே உள்ளே போவேன். உன் கணக்கை அழிக்க மாட்டேன். அதில் வேறு எதையும் திறந்து படிக்கவும் மாட்டேன்.

உன் தங்கை
நிவேதா
சேலையூர்