அந்த ரீமிக்ஸில் நான் குறைத்த பேஸ்

இன்று காலை எங்கள் நெல்லித்தோப்புத் தெருவில் ஒரு காதுகுத்து. விடிந்தும் விடியாமலும் மின்கம்பத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிப் பாட்டைப் போட்டுவிட்டார்கள். பல் விளக்கிக்கொண்டே கேட்டேன். நாதஸ்வரம் காதைத் துளைத்தது; தவில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே உன்மேல் கோபமும் வந்தது. இந்தக் குழாயை நம்பித்தானே நீ நம் ரீமிக்ஸைச் செய்தாய்?

உன் அப்பா மைக்செட் வைத்திருந்தார். கல்யாணம், கட்சிக் கூட்டம், மஞ்சள் நீராட்டு என்று எங்கே போனாலும் அவருடைய குழாய்கள்தான். மூலக்குளத்தில் அவற்றை அடுக்கி வைத்திருந்த கொட்டகையில்தான் நாம் பாட்டுச் செய்தோம். நான் கிட்டார் வாசித்துப் பாடுவேன். நீ பக்கத்து லேத் பட்டறையில் இரும்பு அறுக்கும் சத்தத்தைப் பதிந்து வந்து, கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டித் தாளமாக்குவாய். அதற்கு இண்டஸ்ட்ரியல் ராக் என்று ஒரு பெயர் இருப்பதே நமக்குப் பிறகுதான் தெரிந்தது. உன் அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. "இன்னாம்மா, மிஷின் ரிப்பேரா?" என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

முதல் ஆல்பத்தை இணையத்தில் போட்டோம். யாரும் கண்டுகொள்ளவில்லை. அதே பாட்டுகளை உடைத்து, இன்னும் முரட்டுத்தனமாக ரீமிக்ஸ் செய்யலாம் என்றது நீதான். ஒவ்வொன்றும் முடிந்ததும் குழாயில் போட்டுக் கேட்பாய். "ஹெட்போன்லாம் வேணான்டி. நம்ம ஆளுங்க இதுலதான் கேப்பாங்க. இதுல நல்லாருந்தா எதுலயும் நல்லாருக்கும்" என்பாய். அடியில் உறுமும் பேஸ் சத்தம் எடுபடவில்லை என்று ஏற்றினாய். அப்போதும் எடுபடவில்லை. இன்னும் ஏற்றினாய். குழாயில் பேஸ் வராது என்பது மைக்செட்காரர் மகளுக்கும் தோன்றவில்லை, பக்கத்தில் தலையாட்டிக்கொண்டிருந்த எனக்கும் தோன்றவில்லை.

ரீமிக்ஸ் ஆல்பத்தையும் இணையத்தில் போட்டோம். இந்த முறை விமர்சனங்கள் வந்தன. "மூடிக்கிடக்கும் ஆலைகளின் கோபம் இந்த பேஸில் உறுமுகிறது, துணிச்சலான முடிவு" என்று சென்னைக்காரர் ஒருவர் புகழ்ந்தார். "பாட்டை பேஸ் விழுங்கிவிட்டது, இவர்களுக்கு ஒலியைக் கலக்கத் தெரியவில்லை" என்று பெங்களூர்க்காரர் ஒருவர் எழுதினார். மற்றவர்கள் நடுவில் நின்று மழுப்பினார்கள். நீ பெங்களூர்க்காரரைத் திட்டித் தீர்த்தாய். "காதுல பஞ்சு வெச்சினு கேட்டிருப்பான்" என்றாய்.

பிறகு, பிரான்சிலிருந்து திரும்பி வந்து குடியேறியிருந்த உன் பெரியப்பா வீட்டுக்குப் போனோம். அவரிடம் ஆளுயர ஸ்பீக்கர்கள் இருந்தன. பெருமையாக நம் ஆல்பத்தைப் போட்டாய். ஷோகேஸில் இருந்த கண்ணாடி கிளாஸ்கள் கிடுகிடுவென்று ஆடின. நான் பாடியதில் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. பெரியப்பா அடுத்த அறையிலிருந்து ஓடி வந்தார். "மோன் தியூ!" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டார். "நிறுத்தும்மா, வூடு இடிஞ்சிடும்" என்றார்.

வெளியே வந்தும் வண்டியை எடுக்காமல் நின்றாய்.

"அந்த பெங்களூர் ஆளு சொன்னது சரிதான்டி. உன் கொரலையே முழுங்கிட்டேன்."

"விடு, சென்னைக்காரரு அவ்ளோ புகழ்ந்திருக்காரே" என்றேன்.

"தெரியாம பண்ணத துணிச்சல்ன்றாரு. அதான் இன்னும் அசிங்கமா இருக்குது. மறுபடி மிக்ஸ் பண்ணிடலாம். ஆனா இத யார்கிட்டயும் சொல்லாத. மைக்செட்காரர் பொண்ணு கொழாய்ல போயி பேஸ் தேடினான்னு ஊரே சிரிக்கும். சத்தியம் பண்ணு."

செய்தேன். அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை. மிக்ஸ் அப்படியே கிடந்தது.

நீ போன பிறகு அந்த ஆல்பத்துக்கு மவுசு கூடிவிட்டது. இந்த வருடம் ஒரு கம்பெனி அதை இசைத்தட்டாகப் போட முன்வந்தது. அவள் செய்தபடியே இருக்கட்டும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நான் உட்கார்ந்து பேஸைக் குறைத்தேன். குறைத்ததும் என் குரல் மேலே வந்தது. கூடவே நீ பட்டறையில் பதிந்த ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாகத் தெரிந்தது. எவ்வளவு நுணுக்கமாக வெட்டியிருக்கிறாய், பாவி. அப்போதுதான் அழுதேன்.

தட்டு வெளிவந்தது. இந்த முறையும் சிலர் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள், சிலர் போட்டுத் தாக்கினார்கள். "தன் குரல் கேட்க வேண்டும் என்பதற்காக, மறைந்த தோழியின் கோபத்தை அடக்கிவிட்டார்" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஊர் பேர் தெரியாதவர் எழுதியதை மடித்து வைத்துவிடலாம். உன் தம்பி அதைப் படித்துவிட்டு வீட்டுக்கே வந்துவிட்டான்.

"ஏங்க்கா, எங்க அக்கா பண்ணத ஏன் மாத்தினீங்க?"

குழாய்க் கதையைச் சொன்னால் முடிந்தது. அவனும் உன்னைப் போலத்தான், விழுந்து விழுந்து சிரித்திருப்பான். தொண்டை வரை வந்தது.

"எனக்கு அப்படித்தான்பா புடிச்சிருந்தது" என்றேன்.

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். இப்போது கடைத்தெருவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அவன்மேல் கோபம் இல்லை. அவன் தன் அக்காவின் பேரைக் காப்பாற்றுகிறான். நானும் அதையேதான் செய்கிறேன். அவனிடம் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.