ஒரு பூட்டு, இரண்டு சாவி

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் சுகம், உன் முழங்கால் சுகமா என்பதை மறைக்காமல் எழுது. எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. "அப்பா மறுபடியும் வீட்ல உக்காந்துட்டாரா?" என்று அம்மாவிடம் போனில் கேட்டாயாம். இல்லை, வேலை இருக்கிறது. அது எப்படித் தப்பியது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

ஊர் எல்லையில், மருத்துவமனைக்குப் பின்னால் ஒரு வால்வுக் குழி இருக்கிறது. வால்வு மாநிலக் குடிநீர் வாரியத்துடையது, அதிலிருந்து கிளம்பும் குழாய் எங்கள் நகராட்சியுடையது. ஒருவரையொருவர் நம்பாமல் மூடியில் ஆளுக்கொரு பூட்டு. போன வருஷம் குழாய் வெடித்தபோது பொறுக்காமல் அவர்கள் பூட்டை அறுத்து வால்வை மூடினேன், அதற்குத்தான் இரண்டு மாதம் சஸ்பெண்டு. அதன் பிறகுதான் இரண்டு தரப்புக்கும் ஓர் ஒத்துழைப்பு ஒப்பந்தம் எழுதும் வேலையை எங்கள் தலைமை எழுத்தரிடம், நாங்கள் ஃபைல் அக்கா என்று கூப்பிடுவோமே, அவரிடம் கொடுத்தார்கள். நாலு பக்கம் எழுதப் பதினோரு மாதம். இதை நான் ஒரு மத்தியானத்தில் டைப் அடித்துக் கொடுப்பேன் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். "முப்பத்தஞ்சு வயசுல அப்படித்தான் சார் தோணும். அடிக்கிறது நீங்க, கையெழுத்து அவங்கல்ல போடணும்" என்றார். எல்லையில் இருக்கிற முப்பத்தெட்டுக் குழிக்கும் வாரியத்து ஆளையும் நம் ஆளையும் ஒன்றாகக் கூட்டிப்போய், "இங்க வெடிச்சா மொதல்ல யாரு வருவீங்க?" என்று ஒவ்வொன்றிலும் கேட்டு எழுதியிருக்கிறார், மகளே! மூடிக்கு ஒரே பூட்டு, தரப்புக்கு ஒரு சாவி என்று ஆனதும் அப்படித்தான்.

செவ்வாய்க்கிழமை காலை அதே குழாய் மறுபடி வெடித்தது. மருத்துவமனை வார்டுக்குள் தண்ணீர் புகுந்துகொண்டிருந்தது. பூட்டைத் திறந்தேன், வால்வை மூடினேன், பத்தே நிமிஷம். மத்தியானம் வாரியத்துப் பொறியாளர் எங்கள் ஆபீசுக்கு வந்து, "யாரைக் கேட்டுத் தொட்டீங்க? இந்தத் தடவை ஒரேயடியா வீட்டுக்குத்தான்" என்று குதித்தார். அக்கா நாற்காலியை விட்டு எழவே இல்லை. ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவை எடுத்து நீட்டினார்: முதலில் வருகிறவர் மூடலாம், ஒரு மணி நேரத்துக்குள் மற்றவருக்குச் சொல்ல வேண்டும். "ஒன்பதேகாலுக்கு மூடினாரு, ஒன்பதரைக்கு உங்க ஆபீசுக்குச் சொல்லியாச்சு, போனை யார் எடுத்தாங்கன்னும் எழுதி வச்சிருக்கேன். கீழ இருக்கறது உங்க கையெழுத்துதானே சார்?" அவர் இரண்டு முறை படித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, வால்வை எத்தனை சுற்று சுற்றினேன் என்று குறித்தேனா என்று கேட்டார். அவ்வளவுதான், வீட்டுக்கு அனுப்பும் பேச்சே அதற்கப்புறம் இல்லை.

நான் யாரையும் லேசில் மெச்சுகிறவன் இல்லை. அன்று ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி, நான் பேசினது தப்பு அக்கா, எனக்குப் பதினோரு வருஷம் கொடுத்தாலும் இது வந்திருக்காது என்றேன். "அதை விடுங்க, அடுத்து கழிவுநீர் ஒப்பந்தம், நாப்பத்தியோரு குழி, நாளைக்கு ஷூ போட்டுட்டு வாங்க" என்றார். மூன்று நாளாக நடக்கிறேன். இன்று ஆறாவது குழியில் இரண்டு தரப்பு ஆளும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்காத குறை, அவர்கள் ஓய்கிறவரை அக்காவோடு நானும் வாயைத் திறக்காமல் நின்றேன். உன் அம்மா நம்பவில்லை.

வலியைக் கோச்சிடம் ஒளிக்காதே. நன்றாகச் சாப்பிடு, நன்றாக ஓடு, நினைத்ததெல்லாம் உனக்கு வாய்க்கட்டும். விளையாட்டு விடுதிப் படிவத்தைத் திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டுமாமே. அப்பாவின் வேலை என்ற இடத்தைப் போன தடவை காலியாக விட்டாயாம். இந்தத் தடவை நகராட்சிக் குடிநீர்ப் பொறியாளர் என்று முழுதாக எழுது.

உன் அப்பா