ஏழாவது வரி

மார்ச் 3, திங்கள்
இணைய வசதி ஆய்வு அறிக்கை தொலைத்தொடர்புத் துறைக்குப் போய்விட்டது. மலைப்பகுதியில் நாற்பத்தொரு ஊர்கள். எல்லாவற்றிலும் இணைய வேகம் நன்று. வசதி உள்ள ஊர்களில் ஏப்ரல் ஒன்றாம் தேதி பழைய கம்பித் தொலைபேசியை எடுத்துவிடுவார்கள். இயக்குநர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சாயங்காலம் படி இறங்கும்போது ஆய்வு வண்டி ஓட்டும் அண்ணன் சொன்னார்: "அந்த மலையில என் போன் செத்துக் கெடந்துச்சு மேடம். நம்ம வண்டி வைஃபை இருந்துச்சு, பொழுது போச்சு!" நானும் சிரித்தேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

மார்ச் 4
முதல் ஆளாக ஆபீஸ் போய், களப்பணியாளர்களுக்கு நான் எழுதிக் கொடுத்த குறிப்புத்தாளை எடுத்துப் பார்த்தேன். ஏழாவது வரி: "ஊருக்குள் நுழைந்ததும் டேப்லெட்டை வண்டியின் வைஃபையில் இணைக்கவும். படிவங்கள் உடனுக்குடன் அலுவலகம் வந்துசேரும்." எட்டாவது வரி: "பிறகு இணைய வேகத்தை அளக்கவும்."

வண்டியின் வைஃபை அதன் கூரையிலுள்ள செயற்கைக்கோள் தட்டிலிருந்து வருகிறது. நாங்கள் அளந்தது ஊர்களை அல்ல. நாற்பத்தொரு தடவை எங்கள் வண்டியையே அளந்திருக்கிறோம்.

எல்லா எண்களும் முப்பத்தெட்டுக்கும் நாற்பதுக்கும் நடுவில். பள்ளத்தாக்கிலும் உச்சியிலும் ஒரே வேகமா? இது எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று? படத்தான் செய்தது. "வியக்கத்தக்க சீர்மை" என்று பன்னிரண்டாம் பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன். அறிவுக்கொழுந்து.



மார்ச் 5
யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 7, வெள்ளி
பட்டியலின் கடைசி ஊர். சுகாதார நிலையத்துக்குக் கூப்பிட்டேன். நர்ஸ் எடுத்தார். "கணக்கெடுப்பு ஆபீஸ்" என்று மட்டும் சொல்லி, அங்கே இணையம் எப்படி என்று கேட்டேன்.

"மொபைல்ல மணி பாக்கலாம் மேடம், வேற ஒண்ணுக்கும் ஆகாது. ஆம்புலன்ஸைக் கூப்பிட இந்த லேண்ட்லைன்தான். இதையும் எடுக்கப் போறோம்னு லெட்டர் வந்திருக்கு. இங்க நெட்டு பிரமாதமா வருதாம்! எந்தப் புண்ணியவான் எழுதினானோ. மாசமா இருக்கறவங்க நாலு பேர் இருக்காங்க, நான் என்ன பண்ணுவேன்?"

புண்ணியவதி என்று திருத்த வாய் வரவில்லை. நன்றி சொல்லி வைத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு
வீட்டுக்காரரிடம் சொன்னேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, "திருத்தி அனுப்பினா தீர்ந்துது. இதுக்குப் போயி ஏன் இப்படி வெளிறிக் கெடக்கே?" என்றார். இவருக்கு எல்லாமே சட்டைச் சுருக்கம்தான். அந்த எண்களை வைத்து அமைச்சர் பேட்டியே கொடுத்தாகிவிட்டது!

எதற்குப் பயப்படுகிறேன்? வேலை போய்விடும் என்றா? அந்த நாலு பேருக்காகவா? பொய் சொல்லாமல் எழுதுவதானால் — வேலைதான் முதலில் ஞாபகம் வருது. சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா.

மார்ச் 12, புதன்
இயக்குநரிடம் சொல்லிவிட்டேன். எழுந்து கதவைச் சாத்தினார். அப்புறம், ரொம்ப அன்பாக: "அளக்கறப்ப வைஃபையை அணைக்கச் சொல்லியிருந்தோம், டிரைவர் மறந்துட்டார். அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடும்மா. மத்ததை நான் பாத்துக்கறேன். அவருக்கு வேற வண்டி கிடைக்கும். உனக்குப் போன பேரு திரும்பக் கிடைக்குமா?"

"சரி சார்" என்றேன்.

சரின்னு சொல்லிட்டேனே!

மார்ச் 13
இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அண்ணன் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "என்ன மேடம், பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க? காபி வாங்கியாரவா?" என்றார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் மாடி ஏறினேன். அவரை அறையப்போகும் பேயே நான்தான்.

மார்ச் 14, வெள்ளி
கையெழுத்துப் போட்டேன். ஆனால் வேறு கடிதத்தில். ஏழாவது வரி நான் எழுதியது, ஓட்டுநர் மேல் தவறில்லை, நாற்பத்தொரு அளவுகளும் செல்லாது, தொலைபேசியை எடுக்கவேண்டாம். குறிப்புத்தாளையும் சேர்த்து நேரே துறைச் செயலருக்கு அனுப்பினேன். அனுப்பியதும் கழிவறைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். வீரமாவது ஒன்றாவது.

மார்ச் 18
பணியிடை நீக்கம். மேசையைக் காலி செய்தேன். இயக்குநர் தலை நிமிரவில்லை. அண்ணன்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை வந்தார். ஏன் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

துறையிலிருந்து பதில் இல்லை. கடிதத்தை யாராவது படித்தார்களா? எடுக்காதீங்கன்னு இனிமே யார் கால்ல போயி விழறது?

மார்ச் 27
பதில் இல்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்
காலை பத்து மணிக்கு அந்தச் சுகாதார நிலையத்துக்குக் கூப்பிட்டேன். மணி போனது. எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். எடுக்கவில்லை. கம்பியைப் பிடுங்கிய பிறகும் நம் காதில் மணி கேட்குமோ? இத்தனை வருஷம் இதே துறையில் குப்பை கொட்டியும் எனக்கு அது தெரியவில்லை. மூன்றாவது தடவை எடுத்தார்கள்.

"யாரு?"

"நான் கணக்கெடுப்பு ஆபீஸ்ல இருந்து—"

"அம்மா தாயே, போனை வைங்க! இங்க ஒருத்திக்கு வலி வந்துடுச்சு. ஆம்புலன்ஸ்காரன் வழி கேட்டுக் கூப்பிடுவான். லைனை விடுங்கம்மா!"

வைத்துவிட்டேன். பதினொன்றே கால் ஆகிறது. என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. போனைக் கட்டிலில் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மறுபடி கூப்பிடக்கூடாது.