தனி அடுப்பு

அக்கா,

இன்று காலை உன் அடுப்பைப் பற்ற வைத்தேன். ஈரத்துணியால் நன்றாகத் துடைத்திருந்தும், பர்னருக்கு அடியில் எங்கோ ஒட்டியிருந்த எண்ணெய் சூடேறிக் கருவாட்டு வாசம் எழுந்தது. ஜன்னலைத் திறக்கப் போனவன் திறக்காமல் நின்றுவிட்டேன். உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. வரிசை போட்டுக்கொள்ளாமல் எனக்கு எதுவும் எழுத வராது. "கடைக்குப் போறதுக்குக்கூட ஒண்ணு ரெண்டு போட்டுக்கினு போறான் பாரு" என்று நீயே சிரிப்பாய். சிரித்துக்கொள்.

1. இந்த அடுப்பு உன் வீட்டுக்கு எப்படி வந்தது.
2. மாதாமாதம் பணம் வரத் தொடங்கியதும் அந்த வீட்டில் என்ன மாறியது.
3. அந்தப் பணம்தான் உன்னை வீட்டுக்குள்ளிருந்து வெளியே தள்ளியது.
4. உன் கருமாதியன்று தேவகி சொன்னது.

வரிசை சரிதானா என்று எனக்கே சந்தேகம். இருந்தாலும் தொடங்குகிறேன்.

உன் மகன் ஏழுமலை அப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்குக் காண்ட்ராக்ட் ஆளாகப் போய்க்கொண்டிருந்தான். கம்பெனியில் வேலை குறைந்தால் முதலில் நிறுத்துவது காண்ட்ராக்ட் ஆளைத்தானே. "கூப்பிட்டா வா" என்று சொல்லிவிட்டார்கள். அவன் யூனிபார்ம் சட்டையைப் போட்டுக்கொண்டு, போனைக் கையில் வைத்தபடி வாசலில் உட்கார்ந்திருப்பான். நீ பிரஷர் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தாய். மருமகள் தேவகி அதைக் கண்டும் காணாதவள்போல இருந்தாள். கண்டுகொண்டால் வாங்கித் தர வேண்டும், கையில் இல்லை.

அந்த நேரத்தில்தான் முதியோர் உதவித்தொகைப் பேச்சு வந்தது. மாதம் ஆயிரத்துச் சொச்சம். ஆனால் அது பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத முதியவர்களுக்கு உரியது. உன் கணவர் முன்பே போய்விட்டார், ஆனால் மகன் இருந்தான். அவனுடைய ரேஷன் கார்டிலிருந்து உன் பெயரை எடுத்து, உனக்கென்று தனிக் கார்டு வாங்கினால் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். தனிக் கார்டு என்றால் தனிச் சமையல் நடக்க வேண்டும். வந்து பார்ப்பார்கள்.

நம் பக்கத்தில் அடுப்பு பிரிவதற்கு என்ன பொருள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும் அடுப்பு ஒன்றாக இருந்தால் ஒரே வீடுதான். அடுப்பு இரண்டானால், நடுவில் சுவரே எழும்பாவிட்டாலும் இரண்டு வீடு. அதனால்தான் ஏழுமலை தயங்கினான். நீ தயங்கவில்லை.

கம்பெனிப் பையன்கள் வரிசை அறைகளில் வாடகைக்கு இருந்த பக்கத்து லைன் வீட்டில் தென்காசிப் பையன் ஒருவன் வேலையை விட்டு ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவனிடம் ஒற்றை அடுப்பும் ஐந்து கிலோ சிலிண்டரும் மலிவாகக் கிடைத்தன. "தைரியமா வாங்குங்கண்ணே, இதுல முட்டையா அவிச்சுத் தின்னுதான் ரெண்டு வருசம் ஓட்டுனேன்" என்றான். கொல்லையில் ஏழுமலை பைக் நிறுத்தும் தகரக் கொட்டகையில் அடுப்பை வைத்தீர்கள். பைக் வெயிலுக்குப் போனது.

தாலுகா ஆபீசிலிருந்து பார்க்க வந்தவர் நல்ல மனிதர். நானும் அன்று இருந்தேன்.

"யாரும்மா சமைக்கிறது இங்க?"

"நான்தான் சாமி."

"புள்ள ஒண்ணும் குடுக்கறதில்லையா?"

ஏழுமலை மூன்றடி தள்ளி, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நீ அவன் பக்கம் திரும்பாமலே சொன்னாய்: "அவனா? பக்கத்து வூட்டுக்காரன் மாதிரி. கீறியா செத்தியான்னு கேக்க மாட்டான்."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. போகும்போது, "தனியா இருக்கீங்க, ட்யூப்ப அடிக்கடி பாத்துக்கோங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய்.

"இன்னாடா ஏழுமல, மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு கீற? பணம் வரட்டும், கறி எடுத்து ஆக்கிப் போடறேன்."

"நீ சொன்னது நெஜம் மாதிரியே இருந்துச்சும்மா."

"நெஜம் மாதிரி சொன்னாதான்டா நம்புவாங்க."

விண்ணப்பத்தில் 'ஆதரவற்றவர்' என்ற சொல்லை இரண்டு முறை படித்தேன். அதன்கீழ் நீ கைநாட்டு வைத்தாய். விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாய்.

பணம் வந்தது. வந்தபின் நடந்தவற்றை என்னால் முடிந்தவரை நேர்மையாக எழுதுகிறேன். மாத்திரையை நீ முழுதாகப் போட்டுக்கொண்டாய். அது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் கம்பெனியில் மறுபடி கூப்பிட்ட பிறகும் ஏழுமலை உன் மாத்திரைக்குக் கொடுக்கவில்லை. "அதான் உனுக்குத் தனியா வருதே" என்றான். கரண்ட் பில் உன் தலையில் வந்தது. பிறகு சிலிண்டரும். பேத்தி உன் பணத்தை 'ஆயா சம்பளம்' என்று சொல்லப் பழகினாள். மளிகைக் கடைக்காரர் உனக்குக் கடன் கொடுக்கத் தொடங்கினார். "பெரியம்மாவுக்கு இன்னா, மாசம் பொறந்தா ஏறிடும்" என்று என்னிடமே சொன்னார். அக்கா, வாழ்நாள் முழுக்க அடுத்தவர் கழனியில் களை பறித்தவளை நம்பாத கடை, ஆதரவற்றவள் என்று எழுதிக் கொடுத்ததும் நம்பியது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

அடுப்பு வெறுமனே இருந்தால் காட்டிக் கொடுத்துவிடும் என்று பயந்திருப்பீர்கள். மறுபடி யாராவது வந்து எட்டிப் பார்த்தால் பாத்திரத்தில் அடிப்பிடித்த கறையும் அடுப்பில் எண்ணெய்ப் பிசுக்கும் தெரிய வேண்டுமே. நான் பார்த்த வரையில், முதலில் அதில் டீ மட்டும் போட்டாய். பிறகு உனக்கு மட்டும் ஒரு பிடி சோறு. பிறகு குழம்பு. நாடகத்துக்கு வைத்த அடுப்பு நிஜ அடுப்பாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டலத்தில் பஸ் பிடித்து உன் ஊர் மண்ணூருக்கு வருவேன். உள்ளே டிவி எதிரில் மூன்று பேர் தட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். நீ கொல்லையில், கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் டிரேயின் மேல் தனியாக உட்கார்ந்திருப்பாய். என் வீட்டிலிருந்து தூக்குவாளியில் கொண்டுவந்த சாம்பார் சாதத்தை நீட்டுவேன். "வெச்சிட்டுப் போடா" என்பாய். நான் இருக்கும்போது ஒருநாளும் திறந்து சாப்பிட்டதில்லை. என் எதிரில் சாப்பிட உனக்கு வெட்கம், அழுதுவிடுவாய் என்று நினைத்துக்கொள்வேன். திரும்பும் பஸ்ஸில் ஏழுமலையிடம் கேட்க வேண்டிய வாக்கியங்களைச் சீராக அமைப்பேன். இறங்கும்போது அவை எல்லாம் என்னிடமே இருக்கும்.

காய்ச்சலில் நீ போனபோது அந்த மாதப் பணம் ஏறியிருந்தது. பூவுக்கும் வண்டிக்கும் அதுதான் ஆனது. உன்னைக் கொண்டுபோன செலவையும் ஆதரவற்றவளாகிய நீயேதான் ஏற்றுக்கொண்டாய்.

கருமாதி முடிந்து எல்லோரும் கலைந்த பின், தேவகி அடுப்பைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தாள்.

"மாமா, இத நீங்க எடுத்துக்கினு போங்க. என்னால பாத்துக்கினு இருக்க முடியல."

என் வாழ்நாளில் நான் குரல் உயர்த்தியது அன்றுதான். "ஏன் முடியாது? இத வெச்சித்தானே அவளைப் பிரிச்சி ஒதுக்கினீங்க?"

தேவகி என்னை விழித்துப் பார்த்தாள்.

"யாரு மாமா பிரிச்சது? கார்டு கைக்கு வந்த அன்னிக்கே, இனிமே உள்ள வந்து சாப்டுங்க அத்தன்னு கூப்ட்டேன். அடுப்ப கட்டிப் பரண்ல போடவும் போனேன். கைய தட்டி விட்டாங்க. 'போடி, இத்தினி வருசம் உன் மாமனாரு நாக்குக்கு ஆக்கனேன். அப்புறம் உன் புருசன் நாக்குக்கு. கருவாட்ட எடுத்தா அப்பனுக்கும் புள்ளைக்கும் கொமட்டும். இப்பதான்டி என் நாக்குக்கு ஆக்கறேன். உள்ள கூப்டாத'ன்னாங்க."

நான் குனிந்து சாக்கை விலக்கி அடுப்பைப் பார்த்தேன்.

"பணம் வந்த மொத நாளே சந்தைல நெத்திலிக் கருவாடுதான் வாங்கினு வந்தாங்க. வறுத்தாங்கன்னா லைன் வீட்டுப் பசங்க தட்ட எடுத்துக்கினு வந்துடுவானுங்க. நீங்க குடுத்த சாம்பார் சாதத்தையும் அவனுங்களுக்குத்தான் போடுவாங்க."

"என்கிட்ட சொல்லலியே."

"நான் சொல்றேன்னேன் மாமா. வேணான்னுட்டாங்க. 'எனக்கு யாருமே இல்லன்னு என் தம்பி நெனச்சிக்கினு கீறான். தூக்க தூக்கிக்கினு அத்தினி தூரம் வரான், பாவம், கெடுக்காத'ன்னாங்க."

பிறகு தேவகி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. ஒரே வீட்டில், ஒரே தட்டில் வளர்ந்தோம். உனக்குக் கருவாடு பிடிக்கும் என்பது எனக்குத் தெரியாது. இப்போதும் எவ்வளவு துழாவினாலும் நீ அதைத் தின்ற காட்சி ஒன்றுகூட நினைவில் வரவில்லை. அம்மா மீன் வாங்கினால் எனக்குத்தான் முதலில் போடுவாள். மிச்சம் யாருக்கு என்று நான் பார்த்ததில்லை.

ஆகவே, அக்கா, என் கசப்பு தீரவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. முன்பு ஏழுமலை மேல் இருந்தது. இப்போது எதன்மேல் வைப்பது என்று தெரியவில்லை. ஒரு பெண்பிள்ளை தனக்குப் பிடித்ததை வறுத்துத் தின்ன, பேரன் பேத்தி எடுத்த வயதில், தனக்கு யாருமில்லை என்று பெற்ற மகனின் எதிரிலேயே சொல்லிக் கைநாட்டு வைக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் அவளுக்கு இத்தனை பேர் இருந்தோம்.

நான் உன்னைப் பாவம் பார்க்க வந்த ஞாயிறுகளில் நீ என்னைப் பாவம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். அதுவும் கசக்கிறது. கொஞ்சம் சிரிப்பும் வருகிறது.

அடுப்பு என்னிடம் இருக்கிறது. இன்று நெத்திலி வாங்கி வந்து வறுத்தேன். எனக்குப் பழக்கமில்லை, கருகிவிட்டது. கொல்லையில் உட்கார்ந்து தின்றேன். இனி ஞாயிறுதோறும் வறுப்பதாக இருக்கிறேன். கை பழகும்.

மேலே மூன்றாவதாக எழுதினேனே, அது தவறு. அந்தப் பணம் உன்னை வெளியே தள்ளவில்லை. நீயாகத்தான் எழுந்து போனாய், கையில் சட்டியோடு.