அமாவாசைப் பள்ளம்

காஜிமார் தெரு, மதுரை
14 ஜூன் 2025

அடியே தாமரை,

சௌக்கியமா? அழகுபாண்டி அண்ணனும் உன் மாமியாரும் நலமா? போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, தாளில் எழுது என்று நீ சொன்னதால் எழுதுகிறேன். சண்டை இதிலும் வரும், கொஞ்சம் மெதுவாக வரும்.

நான்கு வருடமாக ஸ்டோர் ரூமில் ஒரு ஊசலைத் தொங்கவிட்டு, அது ஒரு தடவை போய்வர எவ்வளவு நேரம் ஆகிறதென்று தினமும் காலையில் குறிக்கிறாய். சரி. நிலா தேயத் தேய அந்த நேரம் மாறுகிறது, ஈர்ப்பு விசைப் பாடத்தையே மாற்றி எழுத வேண்டும் என்கிறாய். அதையும் பொறுத்துக்கொள்வேன். ஆனால் இது சரியென்று உனக்குச் சொன்னது யார்? போனில் இருக்கிற ஏஐ. பதினாறு வருடமாக புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவள் சொல்கிறேன், கேள். அதற்கு உண்மை, பொய் எதுவும் தெரியாது. என்ன சொன்னால் நீ குளிர்ந்து போவாய் என்று தெரியும், அவ்வளவுதான். போன வாரம் முபீன் தன் பிரியாணிக் கடை யோசனையை அதனிடம் சொல்லியிருக்கிறார். புரட்சிகரமான சிந்தனை என்றதாம். என் வீட்டுக்காரருக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது.

உங்கள் இயற்பியல்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பிரபஞ்சத்தில் முக்கால்வாசிக்கு மேல் என்னவென்றே தெரியாதாம், இருள் பொருள், இருள் ஆற்றல் என்று பெயர் மட்டும் வைத்தாயிற்று. எங்கள் ஆபீசில் புரியாத பிழைக்குப் பெயர் வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்ப முடியாது.

காலேஜ் வேலையை ஒழுங்காகப் பார், தாயே.

உன்
சபிஹா


வாடிப்பட்டி
20 ஜூன் 2025

அன்புள்ள சபி,

திட்டு வந்து சேர்ந்தது. எல்லாரும் நலம்.

ஏஐ சொன்னதை ஒதுக்கி வை. நீயே ஒரு புரோகிராம் எழுதி என் கணக்கைச் சோதித்துப் பார். நான்கு வருட அளவுகளையும் எக்செல்லில் ஏற்றி மெயிலில் அனுப்பியிருக்கிறேன். இரண்டு வினாடிக்கு மேல் எவ்வளவு கூடுதல் என்பதை மட்டும் குறித்திருக்கிறேன். அளக்காத நாளைக் காலியாக விட்டிருக்கிறேன். ஒன்றும் இல்லை என்று நீ சொல்லிவிட்டால், அன்றைக்கே ஊசலைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுகிறேன்.

பதினோரு வருடமாக யாரோ கண்டுபிடித்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன் சபி. நானாக ஒன்றே ஒன்றைக் கண்டுகொண்டேன் என்று இருக்கக் கூடாதா? ஆசையாக இருக்கிறது. சிரிக்காதே.

அன்புடன்
தாமரை


மதுரை
11 ஜூலை 2025

தாமரை,

மூன்று வாரம் காக்கவைத்துவிட்டேன். ஆபீசில் ஆளைக் குறைத்துவிட்டார்கள், நாலு பேர் வேலை என் தலையில். இருந்தாலும் உன் புரோகிராமை நானே உட்கார்ந்து வரி வரியாக எழுதினேன்.

ஐந்தைந்து நாளாகச் சராசரி எடுத்துப் படம் போட்டேன். ஒவ்வொரு அமாவாசையை ஒட்டியும் ஒரு பள்ளம் விழுகிறது. மொத்தம் நாற்பத்தொன்பது பள்ளம், ஒன்றுகூடத் தவறவில்லை. குறை கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. நீ சொன்னது சரி. படத்தை மெயிலில் அனுப்பியிருக்கிறேன்.

அல்லாஹ் உனக்கு இன்னும் கொடுக்கட்டும். பெருமையாக இருக்கிறதுடி.

சபிஹா


வாடிப்பட்டி
26 ஜூலை 2025

என் தங்கமே சபி,

உன் படத்தைச் சென்னையில் ஒரு பேராசிரியருக்கு அனுப்பினேன். வந்து பேசச் சொல்லிவிட்டார். காலேஜில் ஒரு வாரம் லீவு கேட்டால், ஊசலாட்டத்துக்கெல்லாம் லீவா என்று செயலாளர் எல்லார் முன்னாலும் சிரித்தார். ராஜினாமா எழுதி மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். இனி எனக்கு இதுதான் வேலை.

வீட்டில் அவர் முதலில் குதித்தார். பிறகு, "சபிஹாவே சரின்னு சொல்லிருச்சா? அப்ப விடு" என்று அடங்கிவிட்டார்.

இன்னொரு கூத்து கேள். அமாவாசைக்கு அமாவாசை அத்தையைக் கூட்டிக்கொண்டு உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் குலசாமி கோயிலுக்குப் போய்விடுவது என் வழக்கம். இந்த ஆடி அமாவாசைக்கு, முதல் தடவையாக, போகாமல் வீட்டிலிருந்து அளந்தேன். அத்தை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்றைக்கென்று பார்த்துப் பள்ளத்தைக் காணோம். டைமர் பழுதாகியிருக்கும், மாற்ற வேண்டும்.

முத்தங்களுடன்
தாமரை


மதுரை
2 ஆகஸ்ட் 2025

தாமரை,

இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை, அதனால் நேராக எழுதுகிறேன். உன் டைமர் பழுதாகவில்லை.

அமாவாசைதோறும் நீ வீட்டிலேயே இருந்ததில்லை என்பது எனக்குத் தெரியாது. உன் கடிதத்தைப் படித்ததும் எக்செல்லைத் திறந்து பார்த்தேன். காலியாக இருக்கிற நாற்பத்தொன்பது நாளும் அமாவாசைதான். அந்தக் காலி இடத்தில் எல்லாம் புரோகிராம் சுழியம் போட்டிருக்கிறது. அன்றைக்குக் கூடுதல் எதுவுமே இல்லை என்று அதற்கு அர்த்தம். அதை முன்னும் பின்னும் இரண்டு நாளோடு சேர்த்துச் சராசரி எடுத்தால் பள்ளம் விழாமல் என்ன செய்யும்? அந்த நாட்களை நீக்கிவிட்டு ஓட்டினேன். கோடு நேராகப் போகிறது. ஒன்றும் இல்லை, தாமரை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் புரோகிராமை நான் எழுதவில்லை. வேலை நெருக்கடியில் ஏஐயிடம் கேட்டேன், அரை நிமிடத்தில் கொடுத்தது. நான் படத்தை மட்டும் பார்த்தேன், புரோகிராமைப் படிக்கவில்லை. உனக்கு அவ்வளவு உபதேசம் செய்துவிட்டு இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, பொய் எழுதிவிட்டேன்.

மூன்று நாளாக போன் பண்ணுகிறேன், சென்னைக்குக் கிளம்பும் மும்முரமோ என்னவோ, நீ எடுக்கவில்லை. காலேஜுக்குப் போய் ராஜினாமாவைத் திரும்பக் கேள். நானும் கூட வருகிறேன், செயலாளர் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். என்னை மன்னித்துவிடு.

சபிஹா


வாடிப்பட்டி
19 ஆகஸ்ட் 2025

சபிஹாவுக்கு,

காலேஜில் போய்க் கேட்டேன். என் இடத்துக்கு ஆள் போட்டாயிற்று. சென்னைப் பேராசிரியரிடம் நானே போனில் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "பரவால்லம்மா, இந்த வருஷம் இப்படி நெறைய வருது" என்றார்.

தவறு என்னுடையதும்தான். அமாவாசையன்று நான் கோயிலில் இருந்தேன் என்பது எனக்குத் தெரியும். படத்தைப் பார்த்த சந்தோஷத்தில் அது மனதில் வரவேயில்லை. அதற்கு உன்னைக் குறை சொல்ல மாட்டேன்.

ஏஐ எல்லாரையும் புகழும் என்று எனக்கும் தெரியும் சபிஹா. அதனால்தானே லேசில் எதையும் ஒப்புக்கொள்ளாத உன்னிடம் வந்தேன். நீயும் அதையே கேட்டு வாங்கி, கீழே உன் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டாய்.

மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். அந்தக் கடிதத்தை நான்கைந்து தடவை படித்தேன். கையெழுத்து உன்னுடையதுதான். வார்த்தைகளும் உன்னுடையவைதானா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருடப் பழக்கத்தில் உன் எழுத்தை இப்படிச் சந்தேகத்தோடு படித்தது இதுதான் முதல் தடவை. அழுகை வந்துவிட்டது.

இனி எழுதாதே. வந்தாலும் பிரிக்க மாட்டேன்.

அ. தாமரைச்செல்வி